யாம் விரும்புவது யாது?

மாணாக்கர் ஆசிரியரிடம் வினவும் வினாக்கள் பல. அவற்றுட் பெரும்பாலன நூலைப் புரட்டின் விடை கிடைப்பன. நூலிற் கிடையாத வினாவொன்று ஆண்டுதோறும் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகுங் காலத்தில் எம் வாயிலில் வந்து நிற்கின்றது. 'இனி யான் யாது செய்தல் வேண்டும்?' என்பதே அது. அதனுள்ளே மற்றொரு வினா மறைந்து கிடக்கின்றது. 'யான் உண்மையில் விரும்புவது யாது?' என்பது. முன்னையதற்கு உலகியலறிந்த எவரும் ஒருவாறு விடை பகர்தல் கூடும். பின்னையதற்கு விடை பகர்வார் யாவர்?

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞன் இவ்வினாவோடு என்பால் வந்தான். தந்தையை இழந்தவன். கிழக்குப் பல்கலைக்கழகத்துக் கலைப்பீடத்தில் அவனுக்கு இடங் கிடைத்திருந்தது. அப்பல்கலைக்கழகமோ எம்மூர்ச் சித்தாண்டிக்கு அடுத்த வந்தாறுமூலையிலே உள்ளது. துவிச்சக்கர வண்டியிற் சென்று மீளலாம். ஆனால் அவனுக்கு ஒரு தங்கை உண்டு. எம் மட்டக்களப்பு நாட்டிலே பெண்ணுக்கு வீடு கொடுத்தே மணஞ் செய்விப்பது வழக்கமென்பதை இப்பத்திரிகை படிக்கும் ஆசிரியர்களுக்கு யான் விரித்துரைத்தல் வேண்டா. வீடு இல்லை. கட்டாருக்கு அனுப்ப ஒரு முகவர் ஆயத்தமாயிருந்தார். தாயோ, 'நீ விரும்பினதைச் செய், மகன்' என்று சொல்லிவிட்டாள். அச்சொல்லே அவனை மிக வருத்திற்று. "எனக்கு என்ன விருப்பமெண்டு எனக்கே தெரியாது, சேர்" என்றான்.

யான் சிறிது நேரம் வாளா இருந்து, 'எல்லாம் விதிப்படி நடக்கும், தம்பி. முருகன் வழிகாட்டுவார்' என்று கூறி அனுப்பினேன். அவன் தலையசைத்துச் சென்றான். அன்றிரவு யான் உறங்கவில்லை. யான் கூறியது பொய்யன்று. எனினும் அதனைக் கூறியதற்குக் காரணம் அதன் உண்மையன்று, வேறு கூற எனக்குத் தைரியமின்மையே. மெய்யான சொல் ஒன்றைத் தப்பிப் பிழைத்தற்குரிய வாயிலாக ஆக்கிக்கொண்டேன்.

நிற்க. சென்ற நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவிலே இருப்பியல்வாதம் என்றொரு கொள்கை பெரிதும் பேசப்பட்டது. அதன் வேர் தென்மார்க்கு தேயத்துக் கீர்க்கேகார்ட் (1813–1855) என்னுங் கிறித்தவரிடத்தே உளது. மகனைப் பலியிடப் புறப்பட்ட ஆபிரகாமின் கதையை யான் மிசன் பாடசாலையிற் சிறுவனாயிருந்தபோது நூறு முறை கேட்டிருக்கின்றேன். அக்கதையினுள்ளே இருந்த நடுக்கத்தை எவரும் எனக்குக் காட்டவில்லை. கீர்க்கேகார்ட்டு 1843இல் எழுதிய நூலைப் பிற்காலத்திற் படித்தபோதுதான் அது எனக்குப் புலனாயிற்று. ஆயின் அக்கொள்கையை உலகெங்கும் பரப்பியவர் பிரான்சு தேயத்துச் சான் போல் சார்த்தர் (1905–1980) ஆவர். அவர் கடவுளில்லையென்பவர்.

கடவுளில்லையென்றமையாற் சார்த்தரை உலகாயதரோடு ஒருங்கு சேர்த்து ஒதுக்கிவிடுதல் எளிது. அது நம் மரபன்று. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார்ப் பரபக்கத்திலே உலகாயதன் முதலாகப் பிற மதத்தார் ஒவ்வொருவர் கொள்கையையும் அவரவர் வாயாற் கூறுமாறு முதலிற் கூறி, அதன் பின்னரே மறுத்தார். எதிரியின் வழக்கை எதிரியினும் நன்றாக எடுத்துரைக்கவல்லவனே அதனை மறுத்தற்கு உரிமை பெறுகின்றான்.

சார்த்தர் 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திற் பாரிசு நகரில் நிகழ்த்திய விரிவுரை மறுவருடம் நூலாக வெளிவந்தது. அதிலே கடதாசி வெட்டுங் கத்தியொன்றை அவர் எடுத்துக்காட்டாகக் கூறுகின்றார். கத்தியைச் செய்பவன் அது இன்ன பயனுக்கென்று முதலில் நினைந்து பின்னர்ச் செய்கின்றான். மனிதனை அவ்வாறு நினைந்து செய்தவர் எவருமிலர். அவன் முதலில் உலகில் இருக்கின்றான். பின்னர்த் தன் தெரிவுகளாலே தன்னை இன்னான் என்று ஆக்கிக்கொள்கின்றான். ஆதலின் 'என் இயல்பு இது, என் குலம் இது, என் விதி இது' என்று சொல்லித் தெரிவின் பாரத்தை இறக்கிவைப்பவன் தன்னைத்தானே ஏமாற்றுகின்றான் என்பது அவர் கருத்து.

அவ்விரிவுரையிலே ஒரு மாணாக்கனைப் பற்றியுங் கூறுகின்றார். அவன் தமையன் 1940இல் செர்மானியர் படையெடுப்பிற் கொல்லப்பட்டான். தந்தையோ தாயோடு பிணங்கியிருந்தார். பகைவர்க்கு இணங்கும் மனமுடையருமாயிருந்தார். தாய்க்கு இவன் ஒருவனே பற்றுக்கோடு. இங்கிலாந்துக்குச் சென்று தன் தேயத்தின் விடுதலைப் படையிற் சேர்வதா, தாயோடிருந்து அவளைக் காப்பதா என்று அவன் சார்த்தரிடம் வந்து வினவினான். முன்னையது பெரிய பயன். ஆயினும் வழியிலேயே வீணாகலாம். பின்னையது ஒருத்திக்கே பயன், ஆயினும் உறுதியானது. எந்த அறநூலும் இவனுக்கு விடை கூறாதென்று காட்டி, 'நீ சுதந்திரன். தெரிந்துகொள்' என்ற அளவிலே சார்த்தர் தம் விடையை முடித்தார். மேலும், ஆலோசனை கேட்க எவரிடம் போவதென்று தீர்மானிக்கும்போதே ஒருவன் எந்த ஆலோசனையைப் பெறுவதென்றும் பெரும்பாலுந் தீர்மானித்துவிடுகின்றான் என்கிறார்.

இப்பகுதியை யான் படித்தபோது கூசினேன். பாரிசுக்கும் சித்தாண்டிக்கும் இடையே கடல்கள் பல. எனினும் அந்த இளைஞனும் என்பால் வந்தவனும் ஒருவனே. போவதென்று துணிந்தவர் முகவரிடம் போகின்றனர். இருப்பதென்று துணிந்தவர் ஆசிரியரிடம் வருகின்றனர். என்பால் வந்தவன் இருத்தற்கு ஒரு நியாயம் தேடி வந்தானோ? அன்றிப் போதற்கு விடைபெற வந்தானோ? யான் அதையேனும் வினவியிருக்கலாம். சார்த்தர் 'நீயே தெரிந்துகொள்' என்றார். யான் 'விதி தெரிந்துகொள்ளும்' என்றேன். இருவருள் மாணாக்கனை மதித்தவர் யாவர்?

இனி நம் சித்தாந்தம் யாது கூறும் என ஆராய்வாம். உயிருக்கு இச்சை, ஞானம், கிரியை என்னும் மூன்றும் உண்டு. அவை அநாதியே ஆணவத்தால் மறைப்புண்டு கிடக்கின்றன. மாயையினின்று தோன்றுந் தத்துவங்களுள் கலை கிரியையையும், வித்தை ஞானத்தையும், அராகம் இச்சையையும் சிறிதளவு எழுப்பித் தருகின்றன. இருளிற் கிடப்பவனுக்கு விளக்கொளி போல. இதனை வகுப்பிலே மனப்பாடஞ் செய்வித்துப் புள்ளி வழங்குகின்றோம். ஆனால் இதன் பொருள் எத்துணைப் பெரிதென்று நினைப்பதில்லை. விரும்புதல் உயிரின் இயல்பு. இன்னதை விரும்புதலோ கருவியினாலும் சார்பினாலும் வருவது. உயிர் சார்ந்ததன் வண்ணமாவது. ஆதலின் 'யான் விரும்புவது யாது?' என்று உள்ளே நோக்கும் மாணாக்கன் அங்கே காண்பது பெரும்பாலுந் தான் சார்ந்தவற்றின் நிழலேயாம். அயல்வீட்டான் கட்டாரிலிருந்து கொணர்ந்த கைத்தொலைபேசியும், மாமன் பெருமையாகப் பேசிய பட்டமும், தாயின் மௌனமும் அவன் உள்ளத்தில் விருப்பம் என்னும் வேடம் பூண்டு நிற்கின்றன. 'எனக்கே தெரியாது' என்று அவன் கூறியது அறியாமையன்று. நம்மிற் பலர் அடையாத நேர்மையாகும்.

சிவஞான போதத்து எட்டாஞ் சூத்திரத்திலே மெய்கண்ட தேவர் ஐம்புலன்களை வேடராக வைத்துக் கூறிய உவமை யாவரும் அறிந்தது. வேடரிடையே வளர்ந்த அரசகுமாரனுக்கும் விருப்பங்கள் உண்டு. நல்ல வில் வேண்டும், கொழுத்த மான் வேண்டும், தேன் வேண்டும். அவற்றுள் எதனை முதலிற் கொள்வதென்று அவன் தெரிவுஞ் செய்கின்றான்; எவரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆயினும் தான் இன்னான் என்று அறியாதவரையில் அத்தெரிவுகள் யாவும் வேடுவச்சேரியின் எல்லைக்குட்பட்டனவே. சார்த்தர் காணாத இடம் இதுவென்பது என் துணிபு. தெரிவு சுதந்திரமானது என்று நிறுவினார். தெரிந்தெடுத்தற்கு எம்முன் விரிக்கப்பட்டவை எங்கிருந்து வந்தன என்பதை அத்துணை ஆழமாக வினவினாரல்லர்.

எனினும் இவ்வுவமையிலே ஆசிரியர்களாகிய நமக்கு ஓர் அபாயமும் உண்டு. 'நீ அரசகுமாரன், உன் உண்மை விருப்பத்தை யான் அறிவேன், நீ அறியாய்' என்று சொல்லும் உரிமை குருவாய் எழுந்தருளி வரும் இறைவனுக்கு உண்டு. மாதச் சம்பளம் பெறும் எனக்கு உண்டோ? பிள்ளைக்கு நன்றென்று நினைந்து தன் நிறைவேறாத ஆசையை அப்பிள்ளையின் தலையில் ஏற்றிய தந்தையரையும் ஆசிரியரையும் யான் நிரம்பக் கண்டிருக்கின்றேன். அச்சூத்திரத்திலுங்கூட, குரு உணர்த்துகின்றார். வேடரை விட்டு நீங்குவது உயிரே. அரசன் குமாரனைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஐந்தாஞ் சூத்திரத்திற் காந்தத்தின் முன் இரும்பு அசைதல் உவமையாயிற்று. ஆங்குங் காந்தம் இரும்பைக் கையாற் பற்றி இழுப்பதில்லை; அதன் சந்நிதியில் இரும்பு தானே செல்கின்றது.

விதியைப் பற்றியும் ஒரு சொல். வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாக நம் முன்னோர் வகுத்தது வீணன்று. எம்மூர் வேளாண்மைக்காரனைக் கேட்டால் இதனை நம்மினும் தெளிவாகக் கூறுவான். பட்டறையிலிருக்கும் விதைநெல் முன்னைப் போகத்தினது. இவ்வாண்டு பெரும்போகத்து மழை எவ்வளவு பெய்யும், ஆற்றுவெள்ளம் வட்டைக்குள் எந்நாள் ஏறும் என்பன அவன் கையில் இல்லை. ஆனால் வெள்ளம் வடிந்த மறுநாட் காலையில் மண்வெட்டியோடு வரம்பிற்குப் போவதா, திண்ணையில் இருப்பதா என்பது அவன் கையிலேயே உளது. காம்யு என்பவர் 1942இல் வெளியிட்ட நூலிலே, மலையுச்சிக்கு உருட்டிய கல் மீண்டும் மீண்டும் கீழே உருள, மீண்டும் மீண்டும் அதனை உருட்டும் சிசிபசை மனித வாழ்வுக்கு உவமையாக்கினார். எம் வேளாண்மைக்காரனும் அப்படியே திரும்பத் திரும்ப விதைக்கின்றான்; ஆயினும் அவன் உருட்டுவது வெறுங் கல்லன்று, ஊர் உண்ணுஞ் சோறு. வந்ததை நுகர்தல் பிராரத்தம். வந்ததன்கண் எவ்வாறு நடந்துகொள்கின்றேன் என்பது ஆகாமியம். 'விதி' என்னும் சொல்லால் இரண்டையும் ஒன்றாக்கிய என் அன்றைய விடை நாத்திகமன்றாயினும் சித்தாந்தமும் அன்று.

ஆயினும் தெரிவே இல்லாத இடங்களும் உள. 1990ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 5ஆந் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்திலே தஞ்சமடைந்திருந்தோருள் 158 பேர் இராணுவத்தினராற் கொண்டுசெல்லப்பட்டனர், அவர் மீளவில்லை. அவர் தாய்மாருட் பலர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். 'மனிதன் எந்நிலையிலுஞ் சுதந்திரன்' என்று சார்த்தரைப் பின்பற்றி அத்தாயரிடம் கூறவல்லார் உளரோ? 'அது அவர் வினை' என்று சித்தாந்தம் பேசவல்லார் உளரேல், அவரைச் சைவரென்று அழைக்க எனக்கு நா எழாது. வினைக்கொள்கை என் செயலை யான் அளந்துகொள்ளத் தந்த கோல். பிறர் துயரத்தை அளந்து தீர்ப்புச் சொல்லத் தந்த கோலன்று. அங்கே ஆசிரியன் செய்யத்தக்கது அருகிருத்தலும் வாய்மூடலுமேயாம்.

மீண்டும் அந்த இளைஞனிடம் வருவாம். அவனுக்கு யான் எடுத்துக்கூறியிருக்க வேண்டியது திலகவதியார் வரலாறு. ஆண்டுதோறும் அதனைப் படிப்பிக்கின்றேன். வேண்டியபோது நாவிற்கு வரவில்லை. மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போர்க்களத்தில் இறந்தாரென்று கேட்டுத் தாமும் உயிர்விடத் துணிந்தார் அம்மையார். அதுவே அவர் விருப்பம், அதில் ஐயமில்லை. தம்பியார் மருணீக்கியார் அடியில் வீழ்ந்து, 'நீர் போவீராயின் நான் முந்திப் போவேன்' என்றழ, தம்பி உளராதல் வேண்டுமென்று உயிர் தாங்கினார். சேக்கிழார் பெருமான் இதனைக் கூறுமிடத்தில் அம்மையார் தம் விருப்பத்தை அடக்கினாரென்று தோன்றவில்லை. அவ்விருப்பம் மற்றொன்றாக மாறிற்றென்றே தோன்றுகின்றது.

அதன்பின் நிகழ்ந்ததை நோக்குமின். எந்தத் தம்பிக்காக அவர் உயிர் தாங்கினாரோ, அத்தம்பி அவரை விட்டுப் பாடலிபுத்திரஞ் சென்று சமணத்திற் சேர்ந்து தருமசேனர் ஆயினார். உலகக் கணக்கில் அம்மையாரின் தெரிவு தோற்றது. 'உனக்காகவன்றோ வாழ்ந்தேன்' என்று அவர் தம்பியாரைத் தொடர்ந்து போகவில்லை. திருவதிகை வீரட்டானத்திலே திருவலகிட்டு, திருமெழுக்கிட்டு, மாலை தொடுத்து இறைவனிடம் முறையிட்டார். சூலைநோயுற்ற தம்பியார் ஆளனுப்பி அழைத்தபோதும், சமணர் இருக்கைக்கு வாரேன் என்றார். தம்பியார் தாமே நடந்துவர விட்டார். தெரிந்தபின் பயனைப் பற்றிக்கொள்ளாமையும், பிறர் தெரிவைத் தாம் பறியாமையும் ஓரிடத்தே அமைந்த வரலாறு இதனினுஞ் சிறந்தது யான் அறியேன்.

சார்த்தர் கூறிய மற்றொன்று இங்கே நமக்கு உடன்பாடாகின்றது. தாயிடத்து எனக்குள்ள அன்பு எவ்வளவென்று உள்ளத்தை நோக்கி அறிதல் இயலாது. அவளுக்காக ஒன்றைச் செய்த பின்னரே அவ்வன்பு உண்டென்று கூறலாகும் என்றார். சரியையை முதற்படியாக வைத்த நம் ஆசிரியர்களுக்கு இது புதிதன்று. தாய் சொன்னதற்காகக் கோயிலில் விளக்கேற்றத் தொடங்கிய சிறுமி, பத்து ஆண்டு கழித்து அவ்விளக்கின்றி மாலைப்பொழுதைக் கழிக்கமாட்டாள். விருப்பம் முன்னும் செயல் பின்னுமாக வருமென்று எண்ணிக்கொண்டிருக்கின்றோம். பெரும்பாலும் செயல் முன்செல்ல விருப்பம் பின்னே நடந்து வருகின்றது.

நம் நாட்டுப் பெரியார் இருவர் வாழ்க்கையையும் இதனோடு வைத்து நோக்கலாம். ஆறுமுக நாவலர் (1822–1879) யாழ்ப்பாணத்து மெதடிஸ்த மிசன் பாடசாலையில் ஆசிரியராயிருந்து பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவினார். 1848இல் அப்பதவியை விட்டார். அவ்வாண்டே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அவர் மணஞ்செய்யவுமில்லை. இத்தெரிவைப் புகழ்வோர், பிறர் நூலுக்கு உழைத்த அப்பல வருடங்களே அவருக்கு வசனநடையின் வலிமையையும் அச்சின் ஆற்றலையும் உணர்த்தின என்பதை மறந்துவிடுகின்றனர்.

மற்றவர் எம் மட்டக்களப்புக்குரிய விபுலாநந்த அடிகள் (1892–1947). காரைதீவிற் பிறந்து, மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிற் கற்று, விஞ்ஞானப் பட்டம் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரித் தலைமையையும் ஏற்றவர், 1922இல் அனைத்தையும் விட்டு மயிலாப்பூர் இராமகிருட்டிண மடத்தைச் சேர்ந்தார். 1924இல் துறவு பூண்டார். துறந்தவருக்கு விருப்பம் ஏது என்பர் சிலர். கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியதும், பல்லாண்டு உழைத்து 1947இல் யாழ்நூலை வெளியிட்டதும் விருப்பமின்றியோ நிகழ்ந்தன? அவ்வாண்டு யூலை மாதத்திலேயே அவர் மறைந்தார். இளமையில் அவர் கற்ற பௌதிகமும் கணிதமும் உத்தியோகத்துக்கென்று கற்றன. அவையே மறைந்த யாழின் நரம்புகளுக்கு அளவு காணக் கருவியாயின. வகுப்பறையிலே கணிதம் பயின்ற இளைஞன் மயில்வாகனத்தை நோக்கி, 'உன் இலக்கு யாது?' என்று எவரேனும் வினவியிருப்பின், யாழ் என்னுஞ் சொல் அவன் விடையில் வந்திராது. இலக்கைத் தெளிவாகக் கூறமாட்டாத பிள்ளையை 'இலக்கற்றவன்' என்று இகழும் வழக்கம் இக்காலத்து வழிகாட்டற் கருத்தரங்குகளிலே மிகுந்துவிட்டது. அது எனக்கு உடன்பாடன்று.

அந்த இளைஞன் கட்டாருக்கே போனான். மூன்றாம் ஆண்டு சித்திர வேலாயுத சுவாமி கோயில் உற்சவத்துக்கு வந்திருந்தான். தங்கைக்கு வீடு சுவர்மட்டம் வரை எழும்பியிருந்தது. வீதியில் என்னைக் கண்டு வணங்கினான். யான் அன்று கூறியதற்காக வருந்துகின்றேன் என்று சொன்னேன். அவன் சிரித்து, "நீங்க போகாத எண்டு சொல்லியிருந்தாலும் நான் போயிருப்பன், சேர். ஆனா நீங்க ஏதோ கேப்பீங்க எண்டுதான் வந்தன்" என்றான்.

இவ்வாண்டும் பெறுபேறு வெளியாகியுள்ளது. நேற்று ஒரு மாணவி வந்தாள். திருகோணமலையில் தாதியர் பயிற்சிக்குப் போவதா, வந்தாறுமூலைக்குப் போவதா என்று கேட்டாள். 'என்னிடம் வருமுன் எவரெவரிடம் கேட்டாய், பிள்ளை?' என்று வினவினேன். விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். எண்ணி முடியுமுன் கோயில் மணி கேட்டது. பூசை முடிந்தபின் தாயையும் அழைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லிச் சென்றிருக்கின்றாள்.